திறந்த ஏற்பான் வெளியீடு: ஒரு கம்பியைப் பலர் பகிரும் முறை



மின்னணுச் சுற்றுகளில் ஒரே கம்பியைப் பல கருவிகள் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்வது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். அதற்குக் கருவியாக அமைவது திறந்த ஏற்பான் வெளியீடு. பாடநூல்களில் இதற்கு ஒரு படமும் இரண்டு வரி விளக்கமும் கிடைக்கும். ஆயினும் அதன் இயல்பை முழுமையாக உணர்ந்தவர்க்கே, அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பது விளங்கும். நம்பத்தகாத இடத்தில் நம்பினால் இழப்பு மின்சுற்றுக்கு மட்டுமன்று, மனிதர் கைகளுக்கும் நேரக்கூடும். ஆதலின் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளைப் படிப்படியாக நோக்குவோம்.

1. தொழிற்சாலையின் தேவை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். பாரத் தேயிலைத் தோட்டம் 1933-இல் தோன்றியது. அக்காலந்தொட்டு அம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் தமிழர் பெரும்பங்கினர். பறித்த கொழுந்து நெடுநேரம் காத்திராது. எனவே தொழிற்சாலையும் தோட்டத்தின் அருகிலேயே அமைய வேண்டும். அங்கே கொழுந்து வாட்டப்பெற்று, உருட்டப்பெற்று, நொதித்து, உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. நொதித்தல் என்று வழங்கினும் அது உண்மையில் ஆக்சிஜனேற்றமே. உலர்த்தியின் வெப்பம்தான் அதனைத் தக்க தருணத்தில் நிறுத்துகிறது.

இப்படிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. உலர்த்தியின் பட்டை நின்றுவிட்ட பின்னும் உருட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், உருட்டிய இலை குவிந்து, நிறுத்துவாரின்றி நொதித்துச் சுவை கெடும். ஆகவே எந்த இயந்திரத்தில் கோளாறு நேர்ந்தாலும் அச்செய்தி உடனே கட்டுப்பாட்டுப் பலகையை அடைதல் வேண்டும்.

எட்டு இயந்திரங்கள் உள்ள ஒரு தொழிற்சாலையை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு மின்னணு உணரி உண்டு. பலகைக்கு வேண்டிய செய்தியோ ஒன்றுதான்: "எங்கேனும் கோளாறு உண்டா?" இவ்வொரு வினாவுக்கு எட்டுத் தனிக் கம்பிகள் வேண்டுமா, எட்டு உணரிகளையும் ஒரே கம்பியில் இணைக்கலாகாதா என்பதே நம் சிக்கல்.

2. சாதாரண வெளியீடுகளை ஏன் இணைக்கலாகாது?

பெரும்பாலான எண்முறைச் சுற்றுகளின் வெளியீட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். மேலுள்ளது கம்பியை மின்வழங்கியின் நேர்முனையோடு இணைத்து உயர்நிலையாக்கும். கீழுள்ளது கம்பியைத் தரையோடு இணைத்துத் தாழ்நிலையாக்கும். எந்நேரமும் இவ்விரண்டில் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும். தனித்தியங்கும்போது இது சிறந்த அமைப்பு. இரு திசையிலும் விரைவாக மாறும்.

இத்தகைய இரண்டு வெளியீடுகளை ஒரே கம்பியில் கட்டினால் என்ன நிகழும்? முதல் உணரி "கோளாறு இல்லை" என்று கம்பியை மேலே தள்ளுகிறது. இரண்டாவது "கோளாறு உண்டு" என்று கீழே இழுக்கிறது. அப்போது முதலாவதன் மேல் டிரான்சிஸ்டர் வழியாகவும் இரண்டாவதன் கீழ் டிரான்சிஸ்டர் வழியாகவும் நேர்முனையிலிருந்து தரைக்குக் குறுக்குப்பாதை ஒன்று பிறக்கிறது. பல பத்து மில்லியாம்பியர் மின்னோட்டம் வீணே பாய்கிறது. கம்பியின் மின்னழுத்தம் உயர்வும் தாழ்வும் அல்லாத இடைநிலையில் நிற்கிறது. டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் பழுதடைகின்றன. இருவர் எதிரெதிராக முழு வலிமையோடு பேசும் இடத்தில் கேட்பவர்க்குச் செய்தி விளங்குவதில்லை.

3. மணிக்கயிறு

பழைய பேருந்துகளில் கூரையின் கீழ் நீளமாக ஒரு கயிறு கட்டியிருந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் வளைசாலையில் அத்தகைய ஒரு பேருந்து செல்வதாகக் கொள்வோம். இறங்க விரும்புவோர் எந்த இருக்கையில் இருந்தாலும் கயிற்றைக் கீழே இழுக்கலாம். முன்னே மணி ஒலிக்கும். கையை விட்டதும் கயிற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுசெல்வது வில், பயணியர் அன்று.

இவ்வமைப்பில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. ஒருவரும் கயிற்றை மேலே தள்ளுவதில்லை. இழுப்பது அல்லது விட்டுவிடுவது, இவ்விரண்டே உண்டு. ஆகையால் இருவர் ஒருங்கே இழுத்தாலும் மோதல் இல்லை. மணி ஒலித்ததும் யாரோ இழுத்தார் என்பது தெரியும். இழுத்தவர் யார் என்பது தெரியாது. கயிறு அறுந்துவிட்டால் ஓட்டுநருக்கு ஒன்றும் கேட்காது. இறங்குவார் இல்லை என்றே அவர் எண்ணுவார். இம்மூன்றாம் உண்மையை உரையின் இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

திறந்த ஏற்பான் வெளியீடு இந்த மணிக்கயிற்றின் மின்வடிவம்.

4. உள்ளமைப்பும் ஒரு கணக்கும்

என்பிஎன் டிரான்சிஸ்டருக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உண்டு. நம் வெளியீட்டில் மேலிருந்து தள்ளும் டிரான்சிஸ்டர் நீக்கப்பட்டுவிட்டது. கீழிருந்து இழுப்பது மட்டுமே எஞ்சியுள்ளது. அதன் உமிழ்ப்பான் தரையோடு இணைந்துள்ளது. ஏற்பான் கருவிக்குள் வேறெதனோடும் இணைக்கப்படாமல் நேரே வெளிமுனைக்கு வருகிறது.

அடிவாயில் மின்னோட்டம் இல்லாதபோது டிரான்சிஸ்டர் வெட்டு நிலையில் இருக்கும். ஏற்பான் கம்பியை விட்டுவிட்டது என்பதே அதன் பொருள். அடிவாயில் போதிய மின்னோட்டம் பாய்ந்தால் டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலையை அடைந்து, கம்பியை ஏறத்தாழ 0.2 வோல்ட் வரை தரைக்கு இழுத்துவிடும்.

பேருந்தின் வில்லுக்கு ஈடாக இங்கே அமைவது மின்தடை ஒன்று. பொதுக் கம்பிக்கும் மின்வழங்கியின் நேர்முனைக்கும் இடையே அதனை இணைக்கிறோம். இதனை மேலிழுப்பு மின்தடை எனலாம். எல்லா டிரான்சிஸ்டர்களும் விட்டிருக்கும்போது இம்மின்தடை கம்பியை மெல்ல உயர்நிலைக்குக் கொண்டுசெல்லும். ஏதேனும் ஒன்று இழுத்தால் கம்பி தாழும். பாயும் மின்னோட்டத்தை அதே மின்தடை ஓர் எல்லைக்குள் நிறுத்தும்.

இயந்திரங்களில் வழக்கமான 24 வோல்ட் மின்வழங்கியையும் 4.7 கிலோ ஓம் மின்தடையையும் கொள்வோம். டிரான்சிஸ்டர் இழுக்கும்போது மின்தடையின் குறுக்கே 23.8 வோல்ட் நிற்கும். மின்னோட்டம் ஏறத்தாழ 5 மில்லியாம்பியர். மின்தடையில் வெப்பமாகும் திறன் ஏறத்தாழ 0.12 வாட், கால் வாட் மின்தடை இதனைத் தாங்கும். எட்டு உணரிகள் ஒருங்கே இழுத்தாலும் மொத்த மின்னோட்டம் அதே 5 மில்லியாம்பியரே. அதனை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்.

தனியே ஒரு தருக்க வாயிலை வாங்காமலே, கம்பிகளை இணைத்ததனாலேயே ஒரு தருக்கச் செயல் இங்கே பிறந்துவிட்டது. தாழ்நிலையைச் செய்தியாகக் கொண்டால், "முதலாவது அல்லது இரண்டாவது அல்லது எட்டாவது இழுத்தது" என்று கம்பி கூறுகிறது. உயர்நிலையைச் செய்தியாகக் கொண்டால், "முதலாவதும் இரண்டாவதும் எட்டாவதும் விட்டிருக்கின்றன" என்று அதே கம்பி கூறுகிறது. ஒரே இணைப்பு, நோக்குவார் நோக்குக்கு ஏற்ப 'அல்லது' வாயிலாகவும் 'மற்றும்' வாயிலாகவும் அமைவதை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று.

5. 'திறந்த' என்னும் சொல்

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் நீர் பாயும். மதகைத் திறந்தால் வெள்ளம் ஓடும். தமிழ் வழக்கில் திறத்தல் என்பது பாய்ச்சலுக்கு வழிவிடுதல். மின்சுற்றிலோ 'திறந்த சுற்று' என்பது பாதை துண்டிக்கப்பட்ட சுற்று. அங்கே மின்னோட்டம் பாயாது. எனவே 'திறந்த ஏற்பான்' என்று கேட்கும் மாணவர், எந்நேரமும் மின்னோட்டம் பாயும் ஏற்பான் என்று பிழைபட உணர இடமுண்டு.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாண்டுத் தொடக்கப்பள்ளிகள். இடைநிலைப்பள்ளியில் மாணவர் வேறு மொழியில் அறிவியல் பயில நேரும். அங்குச் செல்லும் முன் அவர் மனத்தில் பதியும் தமிழ்ச்சொல் கருத்தைத் தெளிவாகக் காட்டுவதாக இருந்தால், பிறமொழிச் சொல்லும் எளிதில் விளங்கும். 'திறந்த ஏற்பான்' என்பது பரவிவிட்ட வடிவமாதலின் அதனையே இவ்வுரையில் ஆள்கிறேன். ஆயினும் வகுப்பில் விளக்கும்போது 'உள்ளே இணைக்காது விட்ட ஏற்பான்' என்று ஒருமுறை விரித்துக் கூறுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். புலவிளைவு டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தும் சுற்றுகளில் ஏற்பானுக்கு ஈடான முனை வடிகால். அங்கே இதுவே 'திறந்த வடிகால்' எனப்படும். செயல்முறை ஒன்றே.

6. பயன்கள்

கம்பியைப் பகிர்தல் முதற்பயன். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 7400 வரிசைச் சில்லுகளில் திறந்த ஏற்பான் வகையும் உண்டு. 1970-இல் வெளிவந்த பிடிபி-11 கணினியின் யூனிபஸ் என்னும் பொதுத்தடம் இம்முறையிலேயே இயங்கியது. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்டு-சி தடத்தில், இரண்டே கம்பிகளில் பல சில்லுகள் முறைவைத்துப் பேசுகின்றன. வாட்டும் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்க இன்று கிடைக்கும் சிறு உணரிகள் பலவும் இத்தடத்தில் இணைபவையே.

மின்னழுத்த வேறுபாட்டைக் கடத்தல் இரண்டாம் பயன். கம்பியின் உயர்நிலை எத்தனை வோல்ட் என்பதை முடிவு செய்வது உணரி அன்று, மேலிழுப்பு மின்தடையே. உணரி 24 வோல்ட்டில் இயங்கினும், மின்தடையை 5 வோல்ட்டோடு இணைத்தால் 5 வோல்ட் கட்டுப்பாட்டுச் சில்லுக்குத் தீங்கின்றிச் செய்தி சேரும். இரு பக்கத்துக்கும் தரை பொதுவாதல் மட்டும் கட்டாயம். இடிமின்னல் மிகுந்த மலைப்பகுதியில், தொலைவிலுள்ள கட்டடங்களுக்கிடையே தரையைப் பொதுவாக்குவது தீங்கு விளைக்கக்கூடும். அங்கே ஒளி இணைப்பியை இடையில் வைப்பர். அதன் வெளியீட்டிலும் பொதுவாக ஓர் ஒளி டிரான்சிஸ்டரின் ஏற்பான் இணைக்கப்படாமல் நிற்பதைக் காணலாம்.

விளக்கு, ரிலே முதலிய சுமைகளை நேரே இயக்குதல் மூன்றாம் பயன். 7406 என்னும் சில்லின் வெளியீடு 30 வோல்ட் வரை தாங்கும்; 40 மில்லியாம்பியர் வரை இழுக்கும். சுமையே மேலிழுப்பு மின்தடையின் இடத்தில் அமைந்துவிடும். ரிலேச் சுருளை இயக்கும்போது அதன் குறுக்கே ஒரு டையோடை எதிர்த்திசையில் இணைக்க மறத்தலாகாது. இல்லையேல் டிரான்சிஸ்டர் விடும் நொடியில் சுருளில் தூண்டப்படும் உயர்மின்னழுத்தம் அதனையே அழிக்கும்.

7. கொடுக்க வேண்டிய விலை

இழுப்பது டிரான்சிஸ்டரின் வலிய கை. ஏற்றுவது மின்தடையின் மெல்லிய கை. எனவே கம்பி விரைந்து தாழும், மெதுவாகவே உயரும். ஒவ்வொரு கம்பியும் சிறிதளவு மின்னூட்டத்தைத் தேக்கும். நீண்ட கம்பிவடம் ஒன்றின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் எனக் கொண்டால், 100 மீட்டர் வடத்துக்கு 10 நானோஃபாரட். மேலிழுப்பு 10 கிலோ ஓம் ஆயின் இரண்டன் பெருக்கற்பலன் 100 மைக்ரோ நொடி. மழைமானியின் வாளி கவிழ்வதை எண்ணுவதற்கு இந்நேரம் ஒரு பொருட்டன்று. நொடிக்குப் பத்தாயிரம் துடிப்பு அனுப்பும் உணரிக்கோ, ஒரு துடிப்பு உயர்ந்து முடியுமுன் அடுத்தது வந்துவிடும். மின்தடையை 1 கிலோ ஓமாகக் குறைத்தால் நேரம் பத்திலொரு பங்காகும். இழுக்கும்போது வீணாகும் மின்னோட்டம் பத்து மடங்காகும். விரைவும் சிக்கனமும் ஒருங்கே கிட்டுவதில்லை.

இன்னொரு விலை கசிவு. விட்டுவிட்ட டிரான்சிஸ்டரும் முற்றிலும் விடுவதில்லை. 7406 சில்லின் வெளியீடு ஒன்றில் 30 வோல்ட்டில் 0.25 மில்லியாம்பியர் வரை கசியலாம் என்பது அதன் தரவுத்தாள் கூறும் உச்ச அளவு. எட்டு வெளியீடுகளும் அவ்வாறு கசிந்தால் 2 மில்லியாம்பியர். அது 4.7 கிலோ ஓம் வழியே வரும்போது 9.4 வோல்ட் இழப்பாகும். ஒருவரும் இழுக்காத நிலையிலும் 24 வோல்ட் கம்பி 14.6 வோல்ட்டில் நிற்கக்கூடும். மேலும் பல உணரிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாகாது என்பதற்கு இக்கணக்கே சான்று.

8. வகுப்பறைச் சோதனை

9 வோல்ட் மின்கலம் ஒன்று, பிசி547 டிரான்சிஸ்டர் மூன்று, 10 கிலோ ஓம் மின்தடை மூன்று, 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று, அழுத்து பொத்தான் மூன்று, பன்னளவி ஒன்று ஆகியவை போதும்.

மூன்று உமிழ்ப்பான்களையும் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்கவும். மூன்று ஏற்பான்களையும் ஒரே கம்பியில் சேர்க்கவும். ஒவ்வோர் அடிவாயையும் 10 கிலோ ஓம் வழியாகவும் பொத்தான் வழியாகவும் நேர்முனையோடு இணைக்கவும். பொதுக் கம்பிக்கும் நேர்முனைக்கும் இடையே 1 கிலோ ஓமைப் பொருத்தவும். பன்னளவியைப் பொதுக் கம்பிக்கும் எதிர்முனைக்கும் இடையே வைக்கவும்.

ஒன்றையும் அழுத்தாதபோது பன்னளவி மின்கலத்தின் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சுழியை ஒட்டி வந்துவிடும். மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் தீங்கில்லை.

அடுத்து 1 கிலோ ஓம் மின்தடையைக் கழற்றிவிடவும். இப்போது அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பன்னளவி ஏறத்தாழச் சுழியையே காட்டும். வில் இல்லாத கயிறு தொங்கிக் கிடக்கிறது, செய்தி மறைந்துவிட்டது. திறந்த ஏற்பான் சுற்றுகளில் மிகுதியாக நேரும் பிழை, இம்மின்தடையை மறப்பதே.

இறுதியாக மின்தடையை மீண்டும் பொருத்தி, டிரான்சிஸ்டர்களுக்குச் செல்லும் பொதுக் கம்பியைத் துண்டிக்கவும். பன்னளவி 9 வோல்ட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும். பொத்தான்களை எவ்வளவு அழுத்தினாலும் மாற்றமில்லை. மாணவர்களை இவ்விடத்தில் சற்றே நிறுத்தி, "இப்போது பலகை என்ன நினைக்கும்?" என்று கேட்கவும்.

9. அறுந்த கம்பி

பலகை "யாவும் நலம்" என்றே நினைக்கும். இங்கேதான் மணிக்கயிற்றின் மூன்றாம் உண்மை வந்து நிற்கிறது. தொழிற்சாலையில் எலி கம்பியைக் கடிக்கலாம். மலையின் ஈரக்காற்றால் இணைப்புமுனை அரித்துப்போகலாம். ஓர் உணரிக்கு வரும் மின்சாரமே நின்றுபோகலாம். இம்மூன்று நிலையிலும் டிரான்சிஸ்டர் கம்பியை இழுக்காது. நலமாக உள்ள உணரியின் மௌனமும், செத்துப்போன உணரியின் மௌனமும் கம்பியில் ஒரே 24 வோல்ட்டாகவே தோன்றும்.

இலை கெடுவதோடு முடியும் செய்திக்கு இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். உருட்டும் இயந்திரத்தின் காப்பு மூடி திறந்திருக்கிறது, உள்ளே ஒருவர் கை இருக்கிறது என்னும் செய்தியை இவ்வாறு அனுப்புதல் தகாது. அங்கே முறையைத் தலைகீழாக்க வேண்டும். நலத்தையே இடையறாத செய்தியாக்கி, அச்செய்தி நின்றாலே இயந்திரமும் நிற்குமாறு செய்தல் வேண்டும்.

அப்படியாயின் ஒவ்வோர் உணரியும் நலமாக இருக்கும்போது கம்பியை இழுத்துப் பிடித்திருக்கட்டும், கோளாறில் விட்டுவிடட்டும் என்று மாணவர் ஒருவர் கூறலாம். தனிக்கம்பி ஒன்றுக்கு அது சரியான விடை. பொதுக் கம்பிக்குப் பொருந்தாது. ஒருவர் விட்டாலும் மற்ற எழுவர் இழுத்துப் பிடித்திருப்பராதலின், கோளாறு மறைந்துவிடும். "யாரேனும்" என்னும் வினாவுக்குப் பக்க இணைப்பு உகந்தது. "எல்லாரும்" என்னும் உறுதிக்குத் தொடர் இணைப்பே உகந்தது. ஆகவே காப்பு மூடிகளின் தொடுகைகளையும் அவசர நிறுத்தப் பொத்தான்களையும் மூடிய தொடுகைகளாக ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைப்பர். அவ்வளையத்தில் மின்னோட்டம் பாயும்வரைதான் மோட்டார் ஓடும். ஒரு மூடி திறந்தாலும், ஒரு கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும் ஓட்டம் நிற்கும்.

இவ்வளையமும் குற்றமற்றதன்று. வடத்தில் இரு கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிக்கொண்டால், திறந்த தொடுகை மூடியதுபோல் தோன்றும். அதனால்தான் பாதுகாப்பு ரிலேக்களில் இரட்டை வளையங்களை அமைத்து ஒன்றையொன்று சரிபார்க்கச் செய்கின்றனர்.

ஆகவே எட்டு இயந்திரங்கள் கொண்ட நம் தொழிற்சாலைக்கு இரண்டும் வேண்டும். இலை தேங்கியது, பட்டை நின்றது, வெப்பம் மிகுந்தது என்னும் அறிவிப்புகளுக்குத் திறந்த ஏற்பான் பொதுக் கம்பி போதும். அது எளிது, மலிவு. மனித உயிரைக் காக்கும் செய்திக்குத் தொடர் வளையம் கட்டாயம்.

மாணவச் செல்வங்களே, ஒரு சுற்றைப் படிக்கும்போது அது பேசும்போது என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அது வாய்மூடியிருக்கும்போது அம்மௌனத்துக்கு என்ன பொருள் என்பதையும் கேளுங்கள். கொழுந்து கொண்டுவரும் கைகளுக்கும் இயந்திரத்தருகே நிற்கும் கைகளுக்கும் காவலாக நாளை நீங்கள் அமைக்கப்போகும் சுற்று, அவ்வினாவுக்கு விடை கூறவல்லதாக இருக்கட்டும்.